வெயில் அழித்த சாட்சி

தில்லி ரிட்ஜ் காட்டுக்குள் நுழைந்தால் ராமநாதபுரம் கண்மாய்க்கரை நினைவு வரும். எங்கும் சீமைக் கருவேலம். இங்கே 'விலாயதி கீக்கர்'. ஆங்கிலேயர் காலத்து வரவு. அதை அகற்றி ஆரவல்லியின் சொந்த மரங்களை வளர்க்க வேண்டும் என்கிறார்கள் சூழலியலாளர்கள். சரி, இங்கே முன்பு என்னதான் இருந்தது?

கிரீன்லாந்தில் என்றால் மண்ணையே கேட்கலாம். இலையும் சாணமும் மட்கினாலும் அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் களிமண்ணில் ஒட்டிக்கொள்கின்றன. 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே பாப்லர் மரங்களும் யானை இனத்து மாஸ்டோடானும் இருந்ததை அவற்றிலிருந்தே 2022-இல் கண்டறிந்தார்கள். ('சூழல் டி.என்.ஏ.' என்று மொழிபெயர்த்து வருகிறேன். திருப்தியில்லை.)

அங்கே உறைபனி காத்தது. இங்கே வெயில் அழித்துவிடுகிறது. ஹரியானாவின் ராக்கிகடியில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில் ஒரே ஒரு பெண்ணின் மரபணுத் தொகுதிதான் தேறியது (2019). எலும்புக்கே இந்தக் கதி.

மகரந்தம் கெட்டியானது. ராஜஸ்தானின் சாம்பர், தித்வானா ஏரிச் சேற்றில் கிடைத்த மகரந்தத்தை வைத்து, ஒரு காலத்தில் அங்கே இன்றைவிட அதிக மழை பெய்தது என்று 1974-இல் எழுதினார் குர்தீப் சிங். ஆனால் மகரந்தம் பல நேரம் குடும்பப் பெயரோடு நின்றுவிடும், ஆளைக் காட்டாது.

ஆளைப் பார்க்க, தில்லி எல்லையை ஒட்டிய மங்கர் பனிக்குப் போக வேண்டும். சாமி காடு என்பதால் கிராமத்தார் கிளை ஒடிப்பதில்லை. அங்கே தௌ மரங்கள் இன்னும் நிற்கின்றன.