களஞ்சியம் கட்ட எந்தக் கருவி? தம்பியின் பட்டியலும் என் சண்டையும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் படிப்பகத்துக் கமிட்டிக் கூட்டத்தில் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். 68 வயதில், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற ஆள் செய்யக்கூடாத காரியம்தான். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "எதுக்கு இந்தச் சண்டை?" என்று கேட்டாள். "சாஃப்ட்வேர் பேக்கேஜ் ரெப்பாசிட்டரிக்கு எந்தக் கருவி வைக்கிறது என்பதற்கு" என்றேன். மோர் டம்ளரை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். மிச்சத்தை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

படிப்பகத்தில் 24 கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸ். அரசுத் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகள் வந்து மாதிரித் தேர்வு எழுதிப் பார்ப்பார்கள். வினா வங்கி, விசைப்பலகை அமைப்பு, எழுத்துருக்கள் என்று நாங்களே தயாரித்து வைத்திருப்பது மொத்தம் 11 பேக்கேஜ். முன்பெல்லாம் புதுப் பதிப்பு வந்தால் பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மிஷினாகப் போவோம். 20 மிஷினுக்குப் போட்டதும் கரண்ட் போய், மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிய நாட்கள் உண்டு. அந்த நாளை பல சமயம் வரவே வராது.

அப்படி விட்டுப்போன ஒரு மிஷினில் ஒரு பெண் மூன்று மாதம் பயிற்சி எடுத்தாள். அதில் இருந்தது விடைகள் திருத்தப்படாத பழைய வினா வங்கி. அவள் சரியாகப் போட்ட கணக்கை மிஷின் தப்பு என்றது. மிஷின் தப்பாகச் சொல்லும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை. தன் கணக்கைத்தான் மாற்றிக்கொண்டாள். "சார், பக்கத்து மிஷின்ல வேற ஆன்சர் வருது" என்று என்னிடம் வந்து சொன்னபோது தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அடுத்த வாரமே சொந்தக் களஞ்சியம் அமைத்தேன். எல்லா மிஷினும் காலையில் எழுந்ததும் ஒரே இடத்தைப் பார்த்து, ஒரே பதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும். இது நடந்து நாலு வருஷம் ஆகிறது.

இப்போது பெங்களூர் கம்பெனி ஒன்றில் இருந்துகொண்டு ஊரிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு தம்பி கமிட்டியில் சேர்ந்திருக்கிறார். நல்ல பிள்ளை. ஆனால் எக்செல் பட்டியலோடு வந்தார். இடது பக்கம் ஒன்பது கருவிகள், மேலே பதினான்கு வசதிகள், நடுவில் பச்சை டிக்கும் சிவப்புப் பெருக்கல் குறியும். எது அதிக டிக் வாங்குகிறதோ அதை வைத்துவிடலாம் என்றார். பெண் பார்க்கிறபோதுகூட இப்படிப் பட்டியல் போட்டவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

பட்டியலில் ஜெயித்தது ஜாவாவில் ஓடும் ஒரு பெரிய சர்வர். டெப், ஆர்பிஎம், மேவன், டாக்கர், பைத்தான் எல்லாவற்றையும் வைக்கலாம். பிரவுசரில் அழகான முகப்பு. யார் எப்போது எதை ஏற்றினார் என்ற கணக்கும் உண்டு. அது மோசமான பொருள் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது குழுக்கள் இருக்கிற கம்பெனிக்கு அது வேண்டும். எங்களிடம் இருப்பது 11 டெப் கோப்புகள். அந்த 11-ஐக் காக்க ஒரு சர்வர், அந்த சர்வருக்கு ஒரு டேட்டாபேஸ், இரண்டுக்கும் பேக்கப், அடிக்கடி அப்டேட். காவலுக்கு ஆள் வைத்து, அந்த ஆளுக்குக் காவலாக இன்னொரு ஆளா?

பட்டியலில் மூன்றாவதாக வந்தது, வெளியார் இடத்தில் மாத வாடகைக்கு வைப்பது. இதற்கு நான் ஒரே ஒரு பெயர் சொன்னேன்: பின்ட்ரே. எத்தனையோ திட்டங்கள் தங்கள் டெப் கோப்புகளையும் ஆர்பிஎம் கோப்புகளையும் அங்கேதான் வைத்திருந்தன. ஜேஃப்ராக் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிவித்து, அதே வருஷம் மே 1-ஆம் தேதி அதை மூடிவிட்டது. மூடுவது அவர்கள் உரிமை. ஆனால் அந்த முகவரியை நம்பி எழுதி வைத்த ஒவ்வொரு மிஷினையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்ற வேண்டியிருந்ததே!

உண்மையில் டெபியன் களஞ்சியம் என்பது ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். பூல் என்ற அடைவில் டெப் கோப்புகள் இருக்கும். டிஸ்ட்ஸ் என்ற அடைவில் பட்டியல்கள் இருக்கும். பேக்கேஜஸ் என்ற பட்டியலில் ஒவ்வொரு டெப்பின் பெயர், பதிப்பு, அளவு, எஸ்எச்ஏ-256 எண். ரிலீஸ் என்ற கோப்பில் அந்தப் பட்டியல்களுடைய எஸ்எச்ஏ எண்கள். ரிலீஸ் மேல் ஒரு ஜிபிஜி கையெழுத்து. நகைக் கடன் வாங்கியவர்களுக்கு இது புரியும்: ஒவ்வொரு நகைக்கும் எடை எழுதிய சீட்டு, எல்லாவற்றையும் போட்டுக் கட்டிய பை, பை மேல் சீல். சீல் உடையாமல் இருந்தால் உள்ளே ஒவ்வொன்றையும் நம்பலாம். இதைப் பரிமாற சாதாரண என்ஜின்எக்ஸ் போதும். டெபியனிலேயே கிடைக்கிற ஆப்ட்-எஃப்டிபிஆர்கைவ் என்ற சின்ன நிரலே இந்தப் பட்டியல்களை எழுதிக் கொடுத்துவிடும்.

கூட்டத்தில் இன்னொருவர் நேர் எதிர்ப் பக்கம் போனார். "சார், நம்ம லோக்கல் நெட்வொர்க்தானே, சீல் எல்லாம் எதுக்கு? சோர்ஸஸ் வரியில 'ட்ரஸ்டட்=எஸ்'னு போட்டுட்டா கேள்வியே கேக்காது." நான் சத்தம் போட்டது இங்கேதான். ஆப்ட் ரூட் அதிகாரத்தில் ஓடுகிறது. வைஃபை பாஸ்வேர்டு சுவரில் ஒட்டியிருக்கிற இடம் எங்கள் படிப்பகம். அங்கே கேள்வியே கேட்காமல் வாங்கிக்கொள் என்று 24 மிஷினுக்கும் சொல்லி வைப்பது, வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டு ஊருக்குப் போவது போல. கையெழுத்துக்கு ஆகிற வேலை ஒரு முறை சாவி உண்டாக்குவதும், பொதுச்சாவியை ஒவ்வொரு மிஷினிலும் வைப்பதும்தான்.

சரி, நான் எதை வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுத்தேன்? ஒரு அவமானத்தை வைத்து.

முதலில் வைத்தது ரெப்ரெப்ரோ. சின்னது, நல்லது. ஒரு அமைப்புக் கோப்பில் பத்து வரி எழுதினால் களஞ்சியம் தயார். ஒரு சனிக்கிழமை வினா வங்கியின் புதுப் பதிப்பை ஏற்றினேன். தேர்வு தொடங்கியதும் கடிகாரம் பூஜ்யத்தில் நின்றது. பாதிப் பிள்ளைகளுக்குத் தேர்வு உடனே முடிந்துவிட்டது. பழைய பதிப்பைத் திரும்ப வைக்கலாம் என்று பூல் அடைவைப் பார்த்தால் அது இல்லை! ரெப்ரெப்ரோ இயல்பாக ஒரு பேக்கேஜுக்கு ஒரு பதிப்பைத்தான் வைத்துக்கொள்ளும். புதியது வந்ததும் பழையதைக் கழித்துவிடும். இது கையேட்டில் இருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. (புதிய வெளியீடுகளில் பழையவற்றையும் வைத்துக்கொள்ள வழி வந்துவிட்டது.) கடைசியில் ஒரு மிஷினின் ஆப்ட் கேஷில் பழைய டெப் அகப்பட்டது. அதற்குள் மணி ஒன்பது. பிள்ளைகள் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து எந்தக் கருவியைக் காட்டினாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: நேற்றைய நிலைக்கு எப்படிப் போவது? தம்பியின் பதினான்கு வசதிகளில் இது இல்லை. உள்ளே போடுவதை எல்லாக் கருவியும் செய்யும்.

அதனால் ஆப்ட்லிக்கு மாறினேன். அதில் பேக்கேஜைச் சேர்த்ததும் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுக்க வேண்டும். எடுத்தபின் அது மாறாது. வெளியிடுவது அந்த ஸ்னாப்ஷாட்டைத்தான். தப்பாகிவிட்டால் முந்தையதற்கு மாற்ற ஒரே கட்டளை. அது வெளியிடுகிற அடைவு நான் மேலே சொன்ன அதே சாதாரண ஃபோல்டர். நாளைக்கே ஆப்ட்லி இல்லாமல் போனாலும் அந்த ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்து வேறு இடத்தில் வைத்து ஓட்டலாம்.

இதிலும் ஒரு பொறி உண்டு. களஞ்சியத்தை நீங்கள் பின்னுக்கு நகர்த்தினாலும், புதுப் பதிப்பை ஏற்கெனவே வாங்கிவிட்ட மிஷின் தானாக இறங்கி வராது. ஆப்ட் பொதுவாகக் களஞ்சியங்களுக்குக் கொடுக்கிற முன்னுரிமை 500. அது 1000 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பழையதற்கு இறங்கும். எங்கள் களஞ்சியத்துக்கு 1001 என்று எழுதி, தினமும் காலையில் ஓடும் ஸ்கிரிப்டில் இறங்குவதற்கான அனுமதியையும் சேர்த்திருக்கிறேன். இதனால்தான் எங்கள் 11 பேக்கேஜைத் தவிர வேறு எதையும் அதில் வைக்க நான் சம்மதிப்பதில்லை. யாராவது ஆசையாக ஒரு பழைய சிஸ்டம் லைப்ரரியைப் போட்டுவிட்டால் 24 மிஷினும் அதற்கு இறங்கிவிடும்.

போன வருஷம் கார்த்திகையில் நான் 11 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். நெஞ்சில் ஸ்டென்ட். அந்த நாட்களில்தானா ஜிபிஜி சாவியின் மூன்று வருஷக் காலாவதி முடிய வேண்டும்! மறுநாள் காலை 24 மிஷினும் கையெழுத்து செல்லாது என்று அப்டேட் எடுக்க மறுத்தன. கருவியின் மேல் தப்பில்லை. காலாவதியை நீட்டி, புதுப் பொதுச்சாவியை ஒரு பேக்கேஜாகவே இரண்டு மாதம் முன்னால் நான் அனுப்பியிருக்க வேண்டும். டெபியன்காரர்கள் தங்கள் சாவிகளை அப்படித்தான் பேக்கேஜாக அனுப்புகிறார்கள். நான் நாள்காட்டியில் குறிக்கவில்லை.

சரி செய்தது எங்கள் நூலகர் அம்மா. லினக்ஸ் படித்தவர் இல்லை. செயலாளர் பீரோவில் ஒட்டி வைத்த உறையில் சாவியின் நகலும் பாஸ்வேர்டும் இருந்தன. பீரோக் கதவின் உள்பக்கம் நான் ஒட்டியிருந்த தாளில் ஒன்பது வரி இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டி, காலாவதியை நீட்டி, புதுப் பொதுச்சாவியைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு 24 மிஷினுக்கும் போயிருக்கிறார். சாயங்காலம் போன் செய்து, "முடிஞ்சுது சார், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். ஒரே ஒரு குறை: ஏழாவது வரியில் நான் ஒரு கோடு விட்டுவிட்டேனாம். அவரே பேனாவால் போட்டுவிட்டார்.

தம்பி இந்தப் பக்கத்தைப் படிப்பார் என்று தெரியும். தம்பி, உங்கள் பெரிய சர்வருக்கும் அதே மாதிரி ஒரு தாள் எழுதிக் கொண்டுவாருங்கள். சாவி நீட்டுவது, பழைய பதிப்புக்குத் திரும்புவது, வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றுவது, இந்த மூன்று போதும். நூலகர் அம்மாவிடம் கொடுப்போம். நாம் இரண்டு பேரும் வாசலில் நின்று டீ குடிப்போம், உள்ளே போகக் கூடாது. அவர் செய்துவிட்டால் அடுத்த கூட்டத்தில் முதல் கை என்னுடையது. கூட்டம் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி.