கணக்கா? கடிவாளமா?

தோழனே!

திரை விலகுகிறது. நள்ளிரவு. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலே ஓர் அறை. அணையாத விளக்கின் முன்னே ஆராய்ச்சியாளர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். கண்கள் சிவந்திருக்கின்றன, விரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. புற்றுநோயின் புதிரை அவிழ்க்கும் வழியையா எழுதுகிறார்? இல்லை. விண்மீனின் எடையைக் கணக்கிடுகிறாரா? அதுவும் இல்லை. பின், என்னதான் செய்கிறார்? படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறார்! வாஷிங்டனில் உள்ள மத்திய அரசிடம் ஆராய்ச்சிக்கு மானியம் கேட்கும் படிவம்!

சிரிக்காதே. இந்தக் காட்சியிலே சிரிப்பைவிடச் சிந்தனைக்கே இடம் அதிகம்.

"கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு வந்தவனுக்குப் பல்கலைக்கழக மானியத்தைப் பற்றி என்ன பேச்சு?" என்று நீ கேட்கக்கூடும். பட்டம் பெறாதவன்தான் நான், மறைக்கவில்லை. ஆனால், கொடுக்கும் கைக்கும் வாங்கும் கைக்கும் இடையே உள்ள உறவைப் பற்றிப் பேசப் பட்டம் எதற்கு? அது அரசியல். நமக்குப் பழக்கமான அரசியல். அதுமட்டுமல்ல, நம் ஊர்களிலிருந்து கடல் கடந்து சென்று அங்கே ஆராய்ச்சி மாணவர்களாக இருக்கிறார்களே, அவர்களில் பலருக்கு மாதந்தோறும் உதவித்தொகை வருவதே இத்தகைய மானியத்திலிருந்துதான். அங்கே மடை அடைபட்டால், இங்கே ஒரு வீட்டிலே கவலை பிறக்கிறது.

கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன், கேள்.

1945 ஜூலையில், உலகப் போர் முடியும் தறுவாயில், வன்னிவர் புஷ் என்ற பொறியியல் அறிஞர், குடியரசுத் தலைவர் ட்ரூமனிடம் அறிக்கை ஒன்றை அளித்தார். போர்க்காலத்திலே ஆராய்ச்சிக்குப் பொருள் தந்த அரசு, அமைதிக் காலத்திலும் தரவேண்டும். ஆனால், ஆராய்ச்சியின் பாதையை அறிஞர்களே வகுக்கவேண்டும் என்பது அதன் சாரம். பணம் உன்னுடையது, பாதை என்னுடையது என்பதுபோல! 1947-இல் அமெரிக்கக் காங்கிரசும் அந்தப் போக்கிலேயே ஒரு சட்டத்தை நிறைவேற்றி அனுப்பியது. ட்ரூமன் கையெழுத்திட மறுத்துவிட்டார். மக்களின் பணத்தைச் செலவிடும் அமைப்பு, மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத சிலரின் கையிலே இருப்பதா என்பது அவர் எழுப்பிய கேள்வி. மூன்றாண்டுகள் வாதம் நடந்தது. 1950-இல்தான் உடன்பாடு பிறந்தது. இயக்குநரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். செனட் சபை ஒப்புதல் தரவேண்டும். அறிஞர்கள் அடங்கிய குழு வழிகாட்டும். இவ்வாறு தோன்றியதே தேசிய அறிவியல் நிறுவனம்.

பார்த்தாயா! பிறக்கும்போதே அதன் தொட்டிலருகே இரண்டு குரல்கள். "அறிவுக்கு விடுதலை கொடு" என்றது ஒன்று. "பணத்துக்குக் கணக்குக் கொடு" என்றது மற்றொன்று. இரண்டும் நியாயமான குரல்களே!

மானியம் எப்படிக் கிடைக்கிறது? விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் அறிஞர் அல்ல, அவருடைய பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகம் முதலிலே மத்திய அரசின் பதிவேட்டில் இடம்பெற்று, அடையாள எண் பெற்றிருக்கவேண்டும். அறிஞர் எழுதியதைப் பல்கலைக்கழகத்தின் மானிய அலுவலகம் வரிவரியாகப் பார்க்கும், செலவுத் திட்டத்தைச் சரிபார்க்கும், பிறகே அனுப்பும். தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு எழுதும் திட்ட விளக்கம் பொதுவாக 15 பக்கங்களைத் தாண்டலாகாது. "பதினைந்தே பக்கம்தானே!" என்று எண்ணிவிடாதே. ஒவ்வொரு செலவுக்கும் காரணம், ஆய்வாளரின் தகுதிக் குறிப்பு, வேறு எங்கெங்கே உதவி பெறுகிறார் என்ற பட்டியல், திரட்டும் தரவுகளை எப்படிப் பாதுகாப்பார், பகிர்ந்தளிப்பார் என்ற திட்டம் என்று பின்னிணைப்புகள் அணிவகுக்கும்.

வந்த விண்ணப்பத்தை அதே துறையைச் சேர்ந்த வேறு அறிஞர்கள் எடைபோடுவார்கள். அறிவுத்துறைக்கு இதனால் ஆக்கம் என்ன? சமுதாயத்துக்குப் பயன் என்ன? இவ்விரண்டும் அங்கே கேட்கப்படும் கேள்விகள். மருத்துவ ஆராய்ச்சிக்கு உதவும் தேசிய சுகாதார நிறுவனங்களிலோ, 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறாக, அங்கே 1 வாங்குபவரே முதல்வர்! அதைத் தாண்டி ஆலோசனைக் குழு ஒன்றும் இருக்கிறது. இத்தனை வாயில்களையும் கடப்பவை சில. திரும்பி வருபவையே பல.

மானியம் கிடைத்துவிட்டால் நிம்மதியா? அதுதான் இல்லை! ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை. முடிந்தபின் 120 நாட்களுக்குள் இறுதி அறிக்கை. அறிக்கை தவறினால் அடுத்த தொகை நின்றுபோகும். ஓராண்டில் 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ மத்திய அரசின் பணத்தைச் செலவிடும் நிறுவனம், தனித் தணிக்கைக்கும் உட்படவேண்டும்.

தோழனே, இவ்வளவும் கொடுமை என்று நான் கூறமாட்டேன். நான் நாடகக் குழு நடத்துபவன். ஒருமுறை ஒரு புரவலர் எங்கள் நாடகத்துக்குப் பொருள் தந்தார். மைக் செட் வாடகை எவ்வளவு, ஒப்பனைக்கு எவ்வளவு, திரைச்சீலைக்கு எவ்வளவு என்று கேட்டார். பைசா பிசகாமல் எழுதிக் கொடுத்தேன். அது அவர் உரிமை, என் கடமை. தனி ஒருவரின் பணத்துக்கே அப்படியென்றால், உழைப்பவன் செலுத்திய வரிப்பணத்துக்கு?

1990-களின் தொடக்கத்திலே நடந்ததைக் கேள். ஆராய்ச்சியின் நேரடிச் செலவோடு, கட்டடம், மின்சாரம், நிர்வாகம் ஆகியவற்றுக்காக மறைமுகச் செலவு என்ற பெயரிலும் அரசு பணம் தருகிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் அந்தக் கணக்கிலே உல்லாசப் படகின் தேய்மானத்தையும், தலைவர் மாளிகையின் மலர்ச் செலவையும் சேர்த்திருந்தது அம்பலமாயிற்று! நாடே நகைத்தது. பல்கலைக்கழகத் தலைவர் 1991-இல் பதவி விலகல் அறிவித்தார். நிர்வாகச் செலவின் பங்கு 26 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று அரசும் வரம்பு கட்டியது. ஆகவே, கணக்குக் கேட்பதே கூடாது என்பவரோடு நமக்கு உடன்பாடு இல்லை.

ஆனால், கணக்கு வளர்ந்து வளர்ந்து காரியத்தையே விழுங்கிவிட்டால்?

மத்திய அரசின் மானியம் பெற்ற ஆய்வாளர்களிடையே 2018-இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு, ஆராய்ச்சிக்கென ஒதுக்கிய நேரத்திலே ஏறத்தாழ 44 விழுக்காடு விண்ணப்பம், அறிக்கை, விதிமுறை ஆகியவற்றுக்கே போய்விடுகிறது என்று காட்டியது. உழவனை அழைத்து, நாளிலே பாதியை உழவும், மீதியை உழுததைப் பற்றி எழுதவும் சொன்னால், விளைவது நெல்லா, காகிதமா?

இன்னொன்றும் எண்ணிப்பார். 1966-இல் தாமஸ் பிராக் என்ற அறிஞர் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளிலே, கொதிக்கும் வெப்பத்திலும் வாழும் நுண்ணுயிர்களைத் தேடினார். அரசின் அறிவியல் நிறுவனம் அவருக்கு உதவியது. "வெந்நீரிலே கிருமி பிடிப்பதற்கு வரிப்பணமா?" என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால் என்ன விடை சொல்லியிருப்பார்? அவருக்கே தெரியாது. அங்கே கிடைத்த கிருமியின் நொதிதான், பின்னாளிலே மரபணுவைப் பல்கோடிப் படிகளாகப் பெருக்கும் முறைக்கு உயிர்நாடி ஆயிற்று. அந்த முறையைக் கண்ட கேரி முல்லிஸ் 1993-இல் நோபல் பரிசு பெற்றார். கொரோனா நாளிலே நம் மூக்கிலே குச்சி விட்டுச் செய்த சோதனைக்கும் அதுவே அடிப்படை!

கேட்டலின் கரிக்கோ அம்மையாரின் கதையோ கண்ணீர்க் கதை. ஹங்கேரியிலே பிறந்து, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே பணியாற்றியவர். அவருடைய ஆர்.என்.ஏ. ஆய்வுக்கான விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டன. 1995-இல் பதவியிலே இறக்கப்பட்டார். மானியம் கொண்டுவராதவர் மதிப்பில்லாதவர் என்ற கணக்கு! அதே ஆய்வு கொரோனாத் தடுப்பூசிக்கு வழிகோலியது. 2023-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. படிவத்திலே தோற்றவர், பாரிலே வென்றார்.

இது மட்டுமா? கணக்கு மெல்ல மெல்லக் கடிவாளமாக மாறும் கட்டமும் உண்டு. எங்கள் புரவலர் கணக்கைப் பார்த்து முடித்ததும் சொன்னார்: "கதாநாயகன் வேடம் என் மருமகனுக்கு. மூன்றாவது காட்சியிலே அந்த வசனம் வேண்டாம்." பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிறிய தொகை, என்னால் முடிந்தது. பெருந்தொகையாக இருந்தால்?

2025 ஏப்ரலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னே அந்தக் கேள்வி நின்றது. நிர்வாகம், பணி நியமனம், மாணவர் சேர்க்கை ஆகியவற்றை மாற்றவேண்டும் என்று மத்திய அரசு கோரிக்கைகளை அனுப்பியது. யூத மாணவர்களுக்கு எதிரான வெறுப்பைத் தடுக்கத் தவறினார்கள் என்பது அரசு சொன்ன காரணம். பல்கலைக்கழகம் பணிய மறுத்தது. அன்றே 220 கோடி டாலர் மானியம் முடக்கப்பட்டது! வெறுப்பை ஒழிக்கவேண்டும், அதிலே ஐயமில்லை. ஆனால், அதற்காக நரம்பு நோயையும் தொற்று நோயையும் ஆராயும் கூடத்தைப் பூட்டுவதா? பேச்சுரிமைக்கு மாறானது, சட்டத்துக்குப் புறம்பானது என்று 2025 செப்டம்பரில் மாவட்ட நீதிபதி தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீட்டுக்குச் சென்றது.

இப்போது சொல், தோழனே! எது கணக்கு, எது கடிவாளம்? பணம் எங்கே போயிற்று என்று கேட்பது கணக்கு. நான் விரும்பும் விடையைக் கண்டுபிடி என்பது கடிவாளம். செய்த வேலையைக் காட்டு என்பது கணக்கு. என் முன்னே தலைகுனி, இல்லையேல் வேலையே இல்லை என்பது கடிவாளம்.

நாளை உன் ஊர்த் தேநீர்க் கடையிலே எவரேனும், "ஆராய்ச்சிக்கு எதற்கு மக்கள் பணம்?" என்று கேட்டால், வெந்நீர் ஊற்றின் கதையைச் சொல். "அறிஞரிடம் கணக்குக் கேட்கலாமா?" என்று கேட்டால், உல்லாசப் படகின் கதையைச் சொல். "பணம் கொடுப்பவன் சொல்வதைக் கேட்டால் என்ன?" என்று கேட்டால், கரிக்கோ அம்மையாரின் பெயரைச் சொல்லி, அன்று கொடுப்பவர்கள் சொன்னதைக் கேட்டு அவர் ஆய்வையே கைவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திருப்பிக் கேள்.

அந்த அறையிலே விளக்கு இன்னும் எரிகிறது. படிவத்தை முடித்து, அவர் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பட்டும். கணக்கை வாங்கிக்கொள்வோம், கதவைத் திறந்தே வைப்போம்!