தீபாவளி ஆஃபர்ல கார் வாங்கினா டேக்ஸ் குறையுமா? பட்டாசு பெல்ட்டிலிருந்து ஒரு கணக்கு!

"தொழில் பேர்ல கார் வாங்குங்க, டேக்ஸே கட்ட வேணாம்!" - சொந்தமா தொழில் பண்றவங்க போன்ல இந்த ரீல்ஸ் ஒரு தடவையாவது வந்திருக்கும். இதுல சிலது அமெரிக்கக் கணக்கு. அங்கே தொழிலுக்காக ஓட்டுற ஒவ்வொரு மைலுக்கும் 70 சென்ட் கழிச்சுக்கலாம்னு 2025-க்கு அரசே ரேட் வெச்சிருந்தது. நம்ம ஊர்ல சிறு தொழில்காரர்களுக்கு அப்படி கிலோமீட்டர் ரேட்டே கிடையாது.

அப்போ இங்கே என்னதான் கழிக்கலாம்? விருதுநகர் மாவட்டம் அச்சங்குளத்தை எடுத்துக்குவோம். 2021 பிப்ரவரியில் 20 பேருக்கு மேல் பலியான பட்டாசு ஆலை விபத்தால்தான் வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் பெயர் தெரியும். ஆனால் இந்த பெல்ட்டில் ஆலைகளை நம்பி பேப்பர் குழாய், அட்டைப்பெட்டி, லேபிள் பிரின்டிங், லோடு ஆட்டோ என ஏகப்பட்ட சின்னத் தொழில்கள் ஓடுகின்றன. வண்டி இல்லாமல் எதுவும் நகராது.

ஒரு பேச்சுக்கு, அங்கே ஒருத்தர் பேப்பர் குழாய் யூனிட் நடத்துறார்னு வைங்க. வருஷ விற்பனை 60 லட்சம், மொத்தமும் பேங்க் வழியா வருது. 2025-26 கணக்குக்கு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில் போனால், குறைந்தபட்சம் 6 சதவிகிதத்தை லாபமாகக் காட்டினால் போதும். அதாவது 3.6 லட்சம். (ரொக்கமாக வாங்கினால் 8 சதவிகிதம்.) புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. முடிஞ்சது கதை!

இதுல டி.வி.எஸ் எக்ஸ்.எல் பெட்ரோல், இன்ஷூரன்ஸ், தேய்மானம் எல்லாம் ஏற்கெனவே கழிஞ்சதாகத்தான் சட்டம் எடுத்துக்கும். அதுக்கு மேல தனியா வண்டிச் செலவு காட்ட முடியாது. சும்மாவே வரி பூஜ்ஜியம்னா, டேக்ஸை மிச்சம் பிடிக்க கார் எதுக்கு பாஸ்?

வாடகைக்கு லோடு ஆட்டோ ஓட்டுறவங்களுக்கும் இதே கதைதான். 44ஏஇ பிரிவில் ஒரு வண்டிக்கு மாசம் 7,500 ரூபாய் வருமானம்னு கணக்கு. டீசல், டிரைவர் சம்பளம் தனியா கழியாது.

சரி, முறையா கணக்குப் புத்தகம் எழுதி, உண்மையான லாபத்துக்கு வரி கட்டுறவங்க? அவங்க கழிக்கலாம். ஆனா ரீல்ஸ் சொல்ற அளவுக்கு இல்லை.

2025 தீபாவளி அக்டோபர் 20. அன்னிக்கு 10 லட்சத்துக்கு கார் எடுத்திருந்தா மார்ச் 31 வரை 163 நாள்தான் ஆகுது. 180 நாளுக்குக் குறைவுன்னா, 15 சதவிகிதத் தேய்மானத்துல பாதிதான் கிடைக்கும்: 75,000 ரூபாய். அதே கார்லதான் குடும்பத்தோட கோயிலுக்கும் போறீங்க. பாதி சொந்த உபயோகம்னா கழியுறது 37,500. நீங்க 20 சதவிகித வரி வரம்புல இருந்தா, செஸ்ஸோட சேர்த்து மிச்சம் 7,800 ரூபாய். பெட்ரோல், கடன் வட்டி, இன்ஷூரன்ஸ்லயும் பாதி கழியும்தான். ஆனா கழிவுன்னா 100 ரூபாய் செலவுக்கு 20 ரூபாய் வரி குறையும், அவ்வளவே. மீதி 80 நம்ம பாக்கெட்ல இருந்து போறது. இந்த 80-ஐ எந்த ரீல்ஸும் சொல்றதில்லை.

சாதாரண காருக்குக் கட்டின ஜி.எஸ்.டி-யையும் திரும்ப எடுக்க முடியாது. சரக்கு வண்டிக்கு எடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டி ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவிகிதமா குறைஞ்சிருக்கு. தொழிலுக்குத்தான் வண்டின்னா, என் ஓட்டு லோடு வண்டிக்கே.

வண்டிச் செலவு நிஜமாவே அதிகம், 6 சதவிகிதம்கூட நிக்கலைன்னா 44ஏடி-யை விட்டு வெளியே வரலாம். ஆனா அவசரப்படாதீங்க. வெளியே வந்தா அடுத்த 5 வருஷத்துக்கு உள்ளே வர முடியாது. வருமானம் வரி வரம்பைத் தாண்டினா கணக்குப் புத்தகம், ஆடிட் எல்லாம் கட்டாயம். 2026 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய வருமான வரிச் சட்டத்துலயும் இந்த ஏற்பாடு 58-வது பிரிவா தொடருது.

வெளியே வர முடிவு பண்ணிட்டா, ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுக்காதீங்க. அந்தச் செலவு கணக்குல ஏறாது. எந்த ஊருக்கு, யாருக்கு லோடு, எத்தனை கிலோமீட்டர்னு வண்டியிலேயே ஒரு நோட்டு வெச்சு அன்னன்னிக்கு எழுதுங்க. பங்க்ல தர்ற பில்லை அப்பவே போட்டோ எடுத்துடுங்க. அந்தப் பேப்பர்ல இருக்கிற எழுத்து, ரிட்டர்ன் போடுற மாசம் வரை இருக்காது.