இரண்டு பிபிஎக்ஸ், இரண்டு கடிகாரம்

1996 மே மாதம் நாட்டின் நேரம் மாறியது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி திரும்பியது. அந்தப் பத்து வருடமும் எங்கள் நாரந்தனைக் கடையில் நேரம் கேட்டால் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்போம். வாயால் கேட்டுச் சமாளித்தோம்.

பிற்பாடு புறக்கோட்டைக் கடையையும் களஞ்சியத்தையும் ஈ1 இணைப்பில் சேர்த்தபோது அப்படிச் சமாளிக்க முடியவில்லை. பேச்சில் இடைக்கிடை 'டக்' சத்தம் வந்ததைப் பொறுத்தோம். விலைப்பட்டியல் பெக்ஸ் பாதியில் அறுந்ததைப் பொறுக்க முடியவில்லை. பொருத்தியவர்கள் பெக்ஸ் இயந்திரத்தை மாற்றச் சொன்னார்கள். மாற்றினோம், காசுதான் போனது.

கோளாறு கடிகாரத்தில். சுவர்க் கடிகாரம் அல்ல, பிபிஎக்ஸின் உள்ளே துடிப்பு எண்ணுவது. ஈ1 இல் செக்கனுக்கு 8000 சட்டகங்கள் ஓடும். இரு பக்கக் கடிகாரமும் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு விலகினாலே 125 செக்கனுக்கு ஒரு சட்டகம் தவறும். காதுக்கு அது சின்ன விடயம், பெக்ஸுக்கு அப்படியல்ல.

ஒரு பிபிஎக்ஸ் தொலைபேசி நிலையத்தின் கடிகாரத்தையும், மற்றது முதலாவதையும் பின்பற்ற வேண்டும். எங்களிடம் இரண்டுமே தன்னிச்சையாக ஓடின. ஒரு கல்லாவில் இரண்டு முதலாளிகள்! அமைப்பை மாற்றியதும் சரியானது, புதுச் சாமான் எதுவும் தேவைப்படவில்லை.

ஐபி இணைப்புக்கு மாறியோருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஈ1 இன்னும் வைத்திருப்போர், மூலக் கடிகாரம் எதுவென்று எழுத்தில் வாங்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.