கையெழுத்துக்கு முன் ஒரு சொல்



ஆங்கிலச் சொல்வளம் என்றதும், அது கல்லூரி மாணவர்களுக்கும் வேலை தேடுவோருக்கும் உரியது, மளிகைக் கடைக்காரருக்கு எதற்கு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். மேடை ஏறிப் பேச நமக்கு ஆங்கிலம் வேண்டாம்தான். ஆனால் கடைக்கு வரும் தாளில் கையெழுத்துப் போடுபவர் நாம் அல்லவா?

நம் உறுப்பினர் ஒருவர், எண்ணெய் மொத்த வியாபாரி, பக்கத்துக் கடைக்காரரின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் நின்றார். தாளில் 'ஜாயின்ட்லி அண்டு செவரலி' என்று இருந்தது. ஆளுக்குப் பாதி என்று நினைத்துக்கொண்டார். தவணை நின்றதும் முழுத் தொகையையும் கேட்டு அவருக்கே கடிதம் வந்தது. சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் முழுப் பொறுப்பு என்பதே அதன் பொருள். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, கூட்டு வியாபாரத்தில் உள்ள ஒவ்வொரு பங்குதாரருக்கும் இதே பொறுப்பு உண்டு. நம்மில் எத்தனை பேர் இதை அறிந்து பத்திரம் எழுதினோம்?

உணவுப் பாதுகாப்புத் துறையின் அறிக்கையைப் பாருங்கள். 'மிஸ்பிராண்டட்', 'சப்-ஸ்டாண்டர்டு', 'அன்சேஃப்' என்ற மூன்றையும் நாம் கலப்படம் என்றே எடுத்துக்கொண்டு நடுங்குகிறோம். முதலாவது லேபிள் பற்றியது. உள்ளே இருக்கும் சரக்கு நன்றாகவே இருக்கலாம். இரண்டாவது, சரக்கு நிர்ணயித்த தரத்துக்குக் குறைவு என்பது. மூன்றாவதுதான் உடலுக்குக் கேடு என்பது; அது சிறை வரை கொண்டுபோகும். ஆய்வாளரின் அறிக்கை தவறு என்று கருதினால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சொல்லே புரியாதவர் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வார்?

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் நோட்டீஸ் தபாலில் வருவதைவிடக் கணினியில் வருவதே அதிகம். 'டிஸ்கிரெபன்ஸி' என்றால் குற்றம் அல்ல, கணக்கு ஒத்துப்போகவில்லை என்பதே. 'ஷோ காஸ்' என்றால் அபராதம் அல்ல, காரணம் சொல் என்பதே. அது நமக்குத் தரப்படும் வாய்ப்பு. ஆனால் பதிவை ரத்து செய்வதற்கான ஷோ காஸ் நோட்டீசுக்கு 7 வேலை நாட்களில் பதில் தர வேண்டும். ஆடிட்டர் ஊரில் இல்லை என்று காத்திருந்தால் பதிவே போய்விடும்.

எல்லா நோட்டீசும் தமிழில் வர வேண்டும் என்று நாம் கேட்பது நியாயமே. 1956இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அது வரும்வரை கடையைப் பூட்டி வைக்க முடியுமா?

பெரிய அகராதி எதுவும் வேண்டாம். கல்லாப்பெட்டியில் ஒரு சிறு நோட்டு போதும். பில், பத்திரம், நோட்டீஸ் எதில் புரியாத சொல் வந்தாலும், அது இருக்கும் வரியோடு எழுதி வையுங்கள். ஆடிட்டரிடமோ, வீட்டில் படிக்கும் பிள்ளையிடமோ கேட்டுப் பக்கத்தில் தமிழில் குறியுங்கள். 'லயபிள்' தெரிந்தால் 'லயபிலிட்டி' தானே வரும். வாரம் 5 சொல் என்றாலும் ஆண்டுக்கு 260 ஆகிறது. நம் தொழிலுக்கு வேண்டியதில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

இதில் கூச்சம் எதற்கு? நம் மிளகுத்தண்ணீரையும் சுருட்டையும் கட்டுமரத்தையும் வெள்ளைக்காரன் கேட்டுக் கேட்டுத் தன் அகராதியில் சேர்த்துக்கொண்டான். இன்வாய்ஸ், டெபிட் நோட்டு என்று நாமும் பள்ளிக்கூடத்திலா கற்றோம்? கடையில்தானே கற்றோம்!

சரக்கை எடை பார்க்காமல் நாம் கொள்முதல் செய்வதில்லை. சொல்லையும் அப்படியே எடை பார்ப்போம். புரியாத சொல் ஒன்று தாளில் இருக்கும்வரை, "நாளைக்குப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லப் பழகுவோம்.