சிறிய பலகையே போதும்!



சென்ற ஆண்டு, எங்கள் கேமரன் மலைத் தோட்டப் பள்ளியின் மாணவர்கள், தேயிலை நாற்றுகளுக்கு எப்போது நீர் தேவை என்று காட்டும் கருவியொன்றைச் செய்ய முனைந்தனர். பெற்றோர் ஆசிரியர் சங்கம் தந்த பணத்தில் ஒற்றைப்பலகைக் கணினி ஒன்றை வாங்கியவள் நான்தான். நம் பிள்ளைகளுக்கும் ‘உண்மையான கணினி’ கிடைக்கட்டுமே என்ற ஆசை!

அறிவியல் விழாவுக்கு முதல்நாள் மாலை, இடிமழையில் மின்சாரம் போய்த் திரும்பியது. நினைவட்டையிலிருந்த கோப்புகள் சிதைந்துவிட்டன. கணினி மீண்டும் இயங்கவில்லை.

“நான் ஏதும் தவறாகத் தொட்டுவிட்டேனா, டீச்சர்?” என்று ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கண்கலங்கக் கேட்டாள். தவறு அவளுடையதன்று, பொருத்தமற்றதைத் தேர்ந்தெடுத்த என்னுடையது.

2012-இல் வெளிவந்த ராஸ்பெரி பை போன்றவை ஒற்றைப்பலகைக் கணினிகள். அவற்றில் லினக்ஸ் போன்ற இயங்குதளம் ஓடுகிறது. முறையாக நிறுத்தாமல் மின்சாரத்தைத் துண்டித்தால், எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்புகள் பழுதாகலாம். அர்டுயினோ, மைக்ரோபிட் போன்றவை நுண்கட்டுப்படுத்திப் பலகைகள். அவற்றுள் இருப்பது நாம் எழுதிய ஒரே நிரல். மின்சாரம் போய் வந்தால், அந்நிரல் முதலிலிருந்து தானே தொடங்கிவிடும். மைக்ரோபிட்டுக்கு 2 சிறு மின்கலங்களே போதும்.

இன்னொன்றும் உண்டு. மண் ஈரத்தை அளக்கும் எளிய உணரி, ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைத் தருகிறது. மைக்ரோபிட் அதனை 0 முதல் 1023 வரையிலான எண்ணாக நேரடியாகப் படிக்கும். ராஸ்பெரி பையின் முனைகளோ ‘உண்டு, இல்லை’ என்ற இரண்டை மட்டுமே அறியும். இடையில் மாற்றிச் சில்லு ஒன்றைத் தனியே பொருத்த வேண்டும். விலை மிகுந்த பலகை, இவ்வேலைக்குக் கூடுதல் செலவையே வைத்தது.

“தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் போதுமா?” என்று சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வியின் வலி எனக்கும் தெரியும். ஆனால், 2016-இல் பிபிசி, பிரிட்டனின் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் மைக்ரோபிட்களை இலவசமாக வழங்கியது. எனவே, இஃது ஏழைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பொருளன்று.

ஒற்றைப்பலகைக் கணினி வேண்டாம் என்று நான் கூறவில்லை. கேமராவில் இலையைப் படமெடுத்து நோயைக் கண்டறிய வேண்டுமானால் அதுவே ஏற்றது. ஓர் எண்ணைப் படித்து ஒரு விளக்கை எரிய வைப்பதற்கு அது தேவையில்லை. எளிமையிலிருந்து கடினத்திற்குச் செல்க என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்ததைப் பாடத்தில் கடைப்பிடித்த நான், பலகை வாங்கும்போது மறந்துபோனேன்.

இவ்வாண்டு நுண்கட்டுப்படுத்திக்கு மாறிவிட்டோம். மின்கலத்தைக் கழற்றி மீண்டும் பொருத்திக் காட்டுவதே எங்கள் மாணவர்களின் முதல் செய்முறை. விளக்கு மறுபடியும் எரிகையில் அவர்கள் முகத்தில் அச்சமில்லை.

அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். ‘கணினி எனக்கு வராது’ என்ற எண்ணத்தோடு அவளை அனுப்பிவிட்டேனோ என்னும் கவலை மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. பலகையைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரிய நண்பர்களே, அதன் ஆற்றலைப் பார்க்குமுன் அதனைத் தொடப்போகும் பிள்ளையைப் பாருங்கள்.