புகையிலை வணிகரும் மருத்துவக் கல்லூரியும்

திருச்சியிலே ஓர் அரசு மருத்துவக் கல்லூரி, 1997இல் தோன்றியது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் கி. ஆ. பெ. விசுவநாதம். யார் அவர்? மருத்துவரா? அல்லர். பட்டம் பல பெற்ற பண்டிதரா? அதுவும் இல்லை. புகையிலை வணிகர்!

"புகையிலை விற்றவர் பெயர், நோய் தீர்க்கும் கலை பயிலும் கூடத்துக்கா?" என்று எள்ளி நகைக்க எண்ணுவோர் இருக்கலாம். நகைக்கட்டும். ஆனால், நகைக்க வேண்டிய இடம் வேறு. அதைப் பிறகு காட்டுகிறேன்.

1899 நவம்பரில் திருச்சியில் பிறந்தார். பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. கடையில் கணக்கு எழுதிய கை, இலக்கியத்தையும் புரட்டிற்று, குறளில் தோய்ந்தது, நூல்கள் பல எழுதிற்று. கல்வி, குலத்தின் கொடை என்று கதைத்தோரின் முகத்துக்கு நேரே நின்ற மறுப்புரை அவர்!

வணிகனுக்கு வழக்கமாக ஒரு வேதம் உண்டு: ஆளவந்தோரைப் பகைக்காதே, வாடிக்கையை இழக்காதே. விசுவநாதம் அதனை ஓதவில்லை. ஆச்சாரியார் ஆட்சி இந்தியைப் புகுத்த முனைந்தபோது, 1937 டிசம்பர் 26இல் திருச்சியில் தமிழர் மாநாடு கூடிற்று. அதனைக் கூட்ட முன்னின்று உழைத்தவர் அவர். 1938இல் நாவலர் சோமசுந்தர பாரதியார் தலைமையில் அமைந்த இந்தி எதிர்ப்புக் குழுவுக்குச் செயலாளரும் அவரே. அந்நாளில்தான், ஆகஸ்ட் முதல் நாள், உறையூரிலிருந்து தமிழர் படை புறப்பட்டது. வழியெங்கும் ஊர்தோறும் முழங்கி, செப்டம்பர் 11இல் சென்னையை அடைந்தது. 42 நாள் நடை! ஏறிய கட்டாய இந்தி, 1940 பிப்ரவரியில் இறங்கிற்று.

"அவர் பின்னர் நம்மோடு இல்லையே! 'திராவிடர்' என்ற பெயரை ஏற்காமல், 'தமிழர்' என்றே பேசினாரே! சைவப் பற்றும் உடையவராயிற்றே!" என்று இளந்தோழர்கள் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். உண்மைதான். 1944இல் பெயர் பற்றி எழுந்த கருத்து வேற்றுமை சிறியதன்று. அதற்காக 1938ஐ அழித்துவிட முடியுமா? பிரிந்தவர் பெயரையெல்லாம் ஏட்டிலிருந்து கிழித்தெறிவது மடத்தின் வேலை, பகுத்தறிவாளன் வேலையன்று. நன்றியை நம் அணிக்குள் மட்டும் பங்கிடுவதும் ஒருவகைத் தீண்டாமையே!

இனி, நகைக்க வேண்டிய இடத்துக்கு வருவோம்.

சித்த மருத்துவத்துக்காக வாதாடியவர் விசுவநாதம். 'தமிழ் மருந்துகள்' என நூலே எழுதியவர். அவர் பெயர் தாங்கிய கல்லூரியில் மருத்துவம் எம்மொழியில் கற்பிக்கப்படுகிறது? ஆங்கிலத்தில்! இந்தியைத் தடுத்தவர் பெயர் வாயிலில். உள்ளே பாடத்தில் தமிழுக்கு இடமில்லை.

"கலைச்சொல் இல்லை, நூல் இல்லை" என்பார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்தார் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். கடல் கடந்து வந்தவருக்குக் கைகூடியது, காவிரிக் கரையில் பிறந்தோருக்குக் கைகூடாதாம்! 2022இல் மத்தியப் பிரதேசம், மருத்துவப் பாடநூல்களை இந்தியில் வெளியிட்டுவிட்டது. இந்தியைப் பழிப்பதோடு கடமை தீர்ந்தது என்று கருதும் நம் வீரர்கள், இதனைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பணம் இல்லையா? ஆற்றைக் கடந்து திருவரங்கம் சென்று பாருங்கள். பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்ற தெற்குக் கோபுரம், 1979இல் பணி தொடங்கி, 1987இல் 236 அடிக்கு உயர்ந்து நிற்கிறது. வணிகரும் கலைஞரும் வாரி வழங்கினர். கல்லுக்குக் கிடைத்த நிதி, மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கக் கிடைக்காதா?

1994 டிசம்பர் 19இல், 95ஆம் அகவையில் மறைந்தார் விசுவநாதம். ஆண்டுதோறும் மாலை சூட்டச் செல்லும் அமைச்சர்களிடமும் கல்லூரி முதல்வரிடமும் தோழர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: முதலாண்டுப் பாடம் தமிழில் எப்போது கற்பிக்கப்படும்?